பஸ் ஏற முடியாமல் போனவள் எழுதும் பதில்கள்: பதற்றம், தவிர்த்தல், ஏற்புச் சிகிச்சை

நான் மருத்துவரும் அல்ல, உளவியலாளரும் அல்ல. திருச்சியில் வீடு, தஞ்சாவூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. 2017-இல் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருடம், பதற்றத்தால் தனியாகப் பஸ் ஏறாமல் இருந்தேன். ஏற்புச் சிகிச்சை எடுத்துக்கொண்ட பிறகு மறுபடி ஏறினேன். இதை அறிந்தவர்கள் தம்பிக்காக, மகளுக்காக, பல நேரம் தங்களுக்காகவே குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

இது என்ன சிகிச்சை? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதற்றத்தை விரட்டுவதற்கே பொழுதைச் செலவழிக்காமல், அது கூட இருக்கும்போதே நமக்கு வேண்டிய வேலைகளைச் செய்யப் பழகுவது. முழுப்பெயர் 'அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி'. முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆக்ட்' என்று ஒரே சொல்லாகச் சொல்கிறார்கள். ஏற்றுக்கொள்வது இதில் பாதிதான். நமக்கு முக்கியமான காரியத்தில் உறுதியோடு இறங்குவது மறுபாதி.

உங்களுக்கு என்ன நடந்தது?

2017 ஜூன் மாதம், காலை எட்டு மணி பஸ். துவாக்குடி சுங்கச்சாவடி தாண்டியதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விரல் நுனியெல்லாம் மரத்தது. ஜன்னல் திறந்திருந்தும் மூச்சுக்குக் காற்று போதவில்லை. மயங்கி விழப்போகிறேன், எல்லோரும் பார்க்கப்போகிறார்கள் என்று தோன்றியது. கண்டக்டரிடம் கெஞ்சி செங்கிப்பட்டியில் இறங்கிவிட்டேன். ஒரு கடை வாசலில் உட்கார்ந்து சோடா குடித்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

மறுநாள் முன்வாசலை ஒட்டிய சீட்டில்தான் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் கைப்பையில் தண்ணீர் பாட்டில், வாந்தி வந்தால் பாலிதீன் பை, முகர்ந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழம். பிறகு பஸ்ஸை விட்டு ரயிலுக்கு மாறினேன். ரயில் பொன்மலையைத் தாண்டும் முன்பே வயிற்றைக் கலக்கத் தொடங்கியது. கணவர் கூட வந்தால்தான் பயணம் என்றானது. அவருக்கும் வேலை இருக்கிறதே, எத்தனை நாள் வருவார்? சம்பளமில்லா விடுப்பு போட்டேன். கும்பகோணத்தில் தங்கச்சியின் வளைகாப்பு நடந்தது. 'ஜுரம்' என்று போனில் சொல்லிவிட்டேன்.

வீட்டில் 'பயந்த கோளாறு' என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அந்தக் கயிற்றைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அம்மாவின் கை நடுங்க நடுங்கக் கட்டியது அது. ஆனால் கயிறு கட்டியபின்னும் நான் பஸ் ஏறவில்லை.

பயமாக இருக்கும் இடத்தைத் தவிர்ப்பது இயல்புதானே? அதில் என்ன தவறு?

பாம்பு கிடக்கும் வரப்பைத் தவிர்த்தால் தவறே இல்லை. என் விஷயத்தில் நான் விலகி ஓடியது பஸ்ஸிலிருந்து அல்ல, என் நெஞ்சுத் துடிப்பிலிருந்து. அதை வீட்டில் வைத்துவிட்டு வர முடியாது. அதனால்தான் பஸ்ஸில் தொடங்கியது ரயிலுக்கும், பிறகு லிஃப்டுக்கும், கல்யாண மண்டபத்துக்கும் பரவியது. எங்கே போனாலும் துடிப்பும் கூடவே வந்தது.

செங்கிப்பட்டியில் இறங்கியதும் எவ்வளவு நிம்மதி! அந்த நிம்மதிதான் கொக்கி. 'இறங்கினாய், பிழைத்தாய்' என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. இறங்காமல் இருந்திருந்தாலும் சிறிது நேரத்தில் அடங்கியிருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அடுத்த முறை அது இன்னும் சீக்கிரம் எச்சரிக்கும், இன்னும் சத்தமாக. ஒவ்வொரு நிம்மதிக்கும் ஊரில் ஓர் இடத்தை விலையாகக் கொடுத்துக்கொண்டே வந்தேன். முடிவில் வீடும் தெருமுனைக் கடையும்தான் மிஞ்சின.

உள்ளுக்குள்ளே அடக்கிப் பார்க்கலாமே என்பீர்கள். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், சிலரை ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கவே கூடாது என்று சொல்லி உட்கார வைத்தார். நினைவு வரும்போதெல்லாம் மணியடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடக்கி முடித்த பிறகு 'இப்போது தாராளமாக நினைக்கலாம்' என்று சொன்னதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. 'மயங்கக் கூடாது, மயங்கக் கூடாது' என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனவளுக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை.

இதை உருவாக்கியவர் யார்?

ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர், 1980-களில். அவருடைய கதையைத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது. 1978-இல் துறைக் கூட்டம் ஒன்றில் மூத்த பேராசிரியர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவர் பேச வாயைத் திறந்தார். குரலே வரவில்லை. அதுதான் அவருக்கு வந்த முதல் பதற்றத் தாக்குதல். அடுத்த மூன்று வருடம் அதை ஜெயிக்கப் போராடிப் போராடி இன்னும் மோசமானார். உளவியலே படித்தவர்! போராடுவதை நிறுத்திய இடத்திலிருந்துதான் இந்தச் சிகிச்சையின் யோசனையே கிளம்பியது. கிர்க் ஸ்ட்ரோசால், கெல்லி வில்சன் இருவரோடும் சேர்ந்து அவர் இதை முழுமையாக விளக்கி 1999-இல் புத்தகமாக்கினார்.

அவருக்கு முன்பும் இந்த வழியைத் தொட்டவர்கள் உண்டு. ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ் 1962-லேயே, பதற்றத்தை எதிர்கொள், ஏற்றுக்கொள், அதோடு மிதந்து போ, காலம் கடக்க விடு என்று எழுதினார். ஜப்பானில் ஷோமா மொரிதா அதற்கும் பல பத்தாண்டுகள் முன்பே, உணர்ச்சி எப்படி இருந்தாலும் செய்ய வேண்டியதைச் செய் என்ற அடிப்படையில் ஒரு சிகிச்சை முறையை வைத்திருந்தார்.

'ஏற்றுக்கொள்' என்றால் 'பொறுத்துப் போ' என்றுதானே அர்த்தம்? அதைத்தான் காலம் காலமாகச் சொல்கிறார்களே?

கேட்டவர் ஒரு பெண். கோபத்தோடு கேட்டார். கோபம் நியாயமானது. அடிக்கிற கணவனை, கை வைக்கிற மேலதிகாரியை, சாதி சொல்லித் திட்டுகிறவனை 'ஏற்றுக்கொள்' என்று இந்தச் சிகிச்சை சொல்லவே சொல்லாது. அப்படி யாராவது இதன் பெயரால் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கச் சொல்வது நமக்குள்ளே எழுவதை மட்டும்: துடிப்பு, நடுக்கம், வெட்கம், 'என்ன ஆகுமோ' என்ற எண்ணம். வெளியே இருப்பதை மாற்ற முடியுமானால் மாற்றத்தான் வேண்டும். புகார் கொடுக்கப் போகும்போது கை நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு இடம் கொடுத்துக்கொண்டே போய்ப் புகார் கொடுப்பதுதான் இங்கே சொல்லப்படும் ஏற்பு. 'விதியே' என்று சுருண்டு படுப்பதை நான் இரண்டு வருடம் செய்தேன். அதற்கும் இதற்கும் ஒட்டுறவு இல்லை.

தலைக்குள் ஓடும் எண்ணங்களை என்ன செய்வது? அவை உண்மை போலவே இருக்கின்றனவே?

அந்த எண்ணம் உண்மையா பொய்யா என்ற வழக்கை இங்கே நடத்துவதில்லை. ஓர் எண்ணம் வந்திருக்கிறது என்று பார்க்கப் பழகுவதுதான் வேலை. 'மயங்கி விழப்போகிறேன்' என்பதை 'மயங்கி விழப்போகிறேன் என்ற எண்ணம் எனக்கு வந்திருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். சிறிய மாற்றம்தான். ஆனால் அந்த எண்ணத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி விழும்.

இதில் தமிழ் நமக்குத் துணை செய்கிறது என்று நினைக்கிறேன். 'எனக்குப் பயமாக இருக்கிறது', 'எனக்குக் கோபம் வருகிறது', 'அழுகை வந்தது' என்றுதான் பேசுகிறோம். பயமும் கோபமும் நம்மிடம் வருபவை, போகக்கூடியவை. நம் வாக்கியமே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. சிக்கல் 'நான் ஒரு பயந்தாங்கொள்ளி', 'நான் எதுக்கும் லாயக்கில்லாதவள்' என்று எழுவாயை மாற்றும்போது தொடங்குகிறது. என் உளவியலாளர் இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்துவார். "நீங்க பயந்தாங்கொள்ளியா, இல்ல பயந்தாங்கொள்ளிங்கிற சொல் உங்க தலைக்குள்ள வந்துச்சா?"

இன்னொரு பயிற்சி. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அரை நிமிடம் வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். டிட்செனர் என்ற உளவியலாளர் நூறு வருடத்துக்கு முன் எழுதிவைத்த உத்தி இது. என் உளவியலாளர் எனக்குக் கொடுத்த சொல் 'எலுமிச்சை'. முதல் தடவை சொன்னபோது பல் கூசி வாயில் எச்சில் ஊறியது. நாற்பதாவது தடவையில் எலுமிச்சையும் இல்லை, புளிப்பும் இல்லை. லு, மி, ச்சை என்று வெறும் ஓசை. பிறகு 'மயக்கம்' என்ற சொல்லைக் கொடுத்தார். பாதியில் அழுதேன். முடிக்கும்போது அதுவும் ஓசையாகிவிட்டது. மயக்கம் வராது என்று அது நிரூபிக்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே உடம்பு எழுந்து ஓடத் துடித்ததே, அது மட்டும் தளர்ந்தது.

நானும் ஏற்றுக்கொண்டு பார்த்தேன். ஆனாலும் பதற்றம் குறையவில்லையே?

எனக்கு வரும் கேள்விகளில் இதுவே அதிகம். நானும் மூன்றாவது அமர்வில் இதைத்தான் சொன்னேன். "மேடம், நீங்க சொன்ன மாதிரி ஏத்துக்கிட்டேன். ஆனா போகலை."

"போகணும்னு ஏத்துக்கிட்டீங்களா?" என்றார்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. விரட்டுவதற்குப் புதிய ஆயுதமாகத்தான் ஏற்பைக் கையில் எடுத்திருந்தேன். கண்ணை மூடி 'வா, வா' என்று கூப்பிட்டுவிட்டு, ஒரு கண்ணைத் திறந்து 'போய்விட்டதா' என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொலையட்டும் என்பதற்காகக் கொடுக்கும் இடம் இடமே அல்ல.

விருந்துக்கு வந்த வேண்டாத விருந்தாளி என்று இந்தச் சிகிச்சையில் ஒரு கதை சொல்வார்கள். என் மனதில் அது எங்கள் ஊர்க் கல்யாணமாகத்தான் பதிந்தது. பத்திரிகை வைக்காத ஒரு பெரியப்பா வந்து நிற்கிறார். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர். அவரை வெளியே தள்ளலாம், திரும்ப வருவார். வாசலிலேயே காவல் நின்றால் அவர் உள்ளே வர முடியாதுதான். ஆனால் தாலி கட்டியதை நாம் பார்த்திருக்க மாட்டோம். பந்தியில் யாருக்குச் சாப்பாடு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் தெரியாது. 'வாங்க, உட்காருங்க' என்று ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டால், அவர் பேசிக்கொண்டிருப்பார், நாம் கல்யாணத்தில் இருப்போம். அவரைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 'சரி, உட்கார்ந்துவிட்டாரே, இனி கிளம்புவாரா?' என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தீர்களானால் மறுபடி வாசல் காவலுக்கே போய்விட்டீர்கள்.

அதனால் 'பதற்றம் குறைந்ததா' என்ற அளவுகோலைக் கொஞ்ச நாளுக்கு எடுத்து வைத்துவிடுங்கள். இந்த வாரம் எங்கே போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள், எதைச் செய்தீர்கள் என்று எண்ணுங்கள். பதற்றம் குறைவதும் பலருக்கு நடக்கத்தான் செய்கிறது, எனக்கும் நடந்தது. ஆனால் அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவரை நடக்கவில்லை.

'மதிப்புகள்' என்கிறார்களே, அது எதற்கு? பயத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

காரணமே இல்லாமல் யாரும் நெருப்புக்குள் கை விட மாட்டார்கள். குழந்தை உள்ளே இருந்தால் விடுவார்கள். அந்தக் 'குழந்தை' உங்களுக்கு எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பகுதி.

"பதற்றம் இன்னிக்கு ராத்திரியே போயிடுச்சுன்னு வைங்க. நாளைக்கு என்ன செய்வீங்க?" என்று என் உளவியலாளர் கேட்டார். "நிம்மதியா இருப்பேன்" என்றேன். "அதை நான் போட்டோ எடுக்க முடியுமா?" என்றார். யோசித்தேன். 'பயப்படாமல் இருப்பேன்', 'பதறாமல் இருப்பேன்' என்று எதைச் சொன்னாலும் போட்டோவில் விழவில்லை. பயப்படாமல் இருப்பது பிணத்துக்குத்தான் நன்றாக வரும், உயிரோடிருப்பவர் செய்கிற காரியமாகச் சொல்லுங்கள் என்றார். கொஞ்சம் கடுமையாகப் பட்டது. ஆனாலும் வாயிலிருந்து வந்துவிட்டது: "கும்பகோணம் போய் தங்கச்சி பிள்ளையத் தூக்குவேன்." பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம். நான் பார்த்ததே இல்லை.

குறிக்கோள் முடிந்துவிடும், மதிப்பு முடியாது. கும்பகோணம் போவது ஒரு குறிக்கோள். அவளுக்கு அக்காவாக இருப்பது போய்ச் சேர்ந்து முடிகிற ஊர் அல்ல. எந்தத் திசையில் நடக்கிறோம் என்பது மட்டும்தான். அன்றே போனில் ஜுரம் என்று சொன்னது பொய் என்று தங்கச்சியிடம் சொன்னேன். பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே அந்தத் திசையில் வைத்த முதல் அடி அதுதான்.

சரி, பஸ்ஸில் எப்படி ஏறினீர்கள்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஒரு விதிதான் முக்கியம். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பதை நாம் முன்கூட்டியே சிறிதாக வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு பயம் வரும் என்பதில் பேரம் பேசக் கூடாது. 'பயம் பத்துக்கு ஆறு மதிப்பெண்ணைத் தாண்டினால் இறங்கிவிடுவேன்' என்று ஏறினால் அது பழைய தவிர்ப்புதான். 'பால்பண்ணை வரை போவேன், அங்கே இறங்குவேன்' என்று ஏறினால், நடுவில் பயம் எவ்வளவு வந்தாலும் இறங்குமிடம் நான் தேர்ந்தெடுத்ததுதான்.

மத்தியப் பேருந்து நிலையத்தில் நின்றிருந்த பஸ்ஸில் பத்து நிமிடம் உட்கார்ந்து இறங்கியது முதல் நாள். பிறகு பால்பண்ணை. பிறகு திருவெறும்பூர். அங்கே இரண்டு வாரம் தேங்கினேன். துவாக்குடி என்று முடிவு செய்து ஏறிய ஒரு நாள் பாதியிலேயே குதித்து இறங்கிவிட்டேன். நோட்டில் அதையும் எழுதினேன். மறுநாள் அதே பஸ்ஸில் துவாக்குடி வரை போனேன். முந்தின நாளைவிட அதிகமாகவே பயந்தேன். நோட்டில் மூன்றே கட்டங்கள்: எங்கே போனேன், எதற்காகப் போனேன், வந்த பயத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்தேன். பயம் எப்போது குறைந்தது என்ற கட்டம் வேண்டுமென்றே இல்லை.

பிறகு செங்கிப்பட்டி, வல்லம், தஞ்சாவூர். செங்கிப்பட்டி நிறுத்தத்தில் பஸ் நின்று கிளம்பிய அந்த அரை நிமிடத்தை எனக்கு இன்னும் விளக்கத் தெரியவில்லை. அந்தக் கடை வாசலைப் பார்த்தேன், இறங்கவில்லை. கும்பகோணம் அதற்கு அடுத்த மாதம்.

கைப்பையிலிருந்த பொருள்களும் ஒவ்வொன்றாக வெளியே போயின. இவை மறைமுகத் தவிர்ப்பு. பஸ்ஸில் ஏறிவிட்டோம் என்று தோன்றும், ஆனால் 'எலுமிச்சம்பழம்தான் காப்பாற்றியது' என்று மூளை கணக்கை மாற்றி எழுதிக்கொள்ளும். என்னிடம் கடைசியாகப் போனது அந்தப் பழம்தான்.

நடுவழியில் உச்சத்தில் அடிக்கும்போது அந்த நிமிடம் என்ன செய்வது?

உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். எனக்கு நெஞ்சுக்குழியில், உள்ளங்கை அகலத்தில், இறுக்கிப் போட்ட முடிச்சு போல இருக்கும். அதன் விளிம்பு எங்கே முடிகிறது, சூடா குளிரா, அசைகிறதா என்று, புதிதாகப் பார்ப்பவர் போலப் பாருங்கள். அதைச் சுற்றி மூச்சு போய் வரட்டும். அதை அமுக்க மூச்சைப் பயன்படுத்த வேண்டாம். பிறகு கண்ணைத் திறந்து வெளியேயும் பாருங்கள்: முன் சீட்டின் கிழிசல், கண்டக்டர் விசில், அறுத்த வயல். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் இரண்டும் இருக்கட்டும். காலைத் தரையில் ஊன்றி, அடுத்துச் செய்ய வேண்டிய சின்ன வேலையைச் செய்யுங்கள். டிக்கெட் எடுப்பதுகூடப் போதும்.

இதைப் பஸ்ஸில் முதன்முதலாகச் செய்து பார்க்காதீர்கள். வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பத்து நாளாவது பழகுங்கள்.

நெஞ்சு அடைக்கிறதே, மாரடைப்பாக இருந்தால்?

முதல் தடவை வந்தால் மருத்துவரிடம் போங்கள். இதில் வீரம் காட்டக் கூடாது. எனக்கு ஈசிஜி, தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனைகள் எடுத்தார்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தம் குறைந்தாலும், காபி கூடினாலும் இதே படபடப்பு வரும். நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். வலி புதிய விதமாக இருந்தால் மறுபடியும் பாருங்கள்.

ஒருமுறை முறையாகப் பார்த்து 'இதயம் நன்றாக இருக்கிறது' என்று சொன்ன பிறகும், வாரம் ஒரு ஈசிஜி எடுக்கத் தோன்றினால் அது வேறு கதை. அந்த ஈசிஜியும் ஓர் எலுமிச்சம்பழம்தான்.

பதற்றத் தாக்குதலில் நடப்பது இதுதான்: அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கிறது. வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் விரல் மரத்து, தலை சுற்றுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். ரத்த அழுத்தம் ஏறியிருக்கும் நேரமாதலால் இதில் மயங்கி விழுவது அபூர்வம். ரத்தம், ஊசி பார்த்தால் மயங்குகிறவர்கள் மட்டும் விதிவிலக்கு.

மாத்திரை சாப்பிட்டால் ஏற்பு ஆகாதா?

சாப்பிடலாம். எனக்கும் மனநல மருத்துவர் ஒரு வருடம் மாத்திரை கொடுத்தார், சிகிச்சையும் கூடவே நடந்தது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தினமும் எடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ என்ற மாத்திரை வகை வேறு, படபடப்பு வந்ததும் போட்டுக்கொள்ளும் அல்பிரசோலம் போன்றவை வேறு. இரண்டாவது வகை பழக்கமாகிவிடக்கூடியது, பைக்குள் இருக்கும் கைத்தடியாகவும் மாறும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைப்பது எப்படி என்பது எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம்.

சிபிடி-யைவிட (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைவிட) இது மேலானதா? ஆதாரம் உண்டா?

மேலானது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பதற்ற நோய்கள் உள்ள 128 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2012-இல் வெளியானது. 12 வார முடிவில் இரண்டு குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். சிபிடி எண்ணத்தைச் சோதித்து மாற்றப் பார்க்கும். இது எண்ணத்தோடு நமக்கிருக்கும் உறவை மாற்றப் பார்க்கும். நல்ல சிபிடி சிகிச்சையாளர் கிடைத்தால் தயங்காமல் போங்கள்.

என்னை அதிகம் தொட்டது வேறொரு ஆய்வு. உகாண்டா முகாமில் இருந்த தெற்கு சூடான் அகதிப் பெண்கள் 694 பேர் அதில் பங்கேற்றார்கள். இந்தச் சிகிச்சையின் அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் தயாரித்த ஒலிப்பதிவையும் படப் புத்தகத்தையும் வைத்து, ஒரு பகுதியினரைக் குழுவாக உட்காரவைத்து ஐந்து அமர்வுகள் நடத்தினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மற்றவர்களைவிட அவர்களுடைய மன உளைச்சல் குறைந்திருந்தது. முடிவுகள் 2020-இல் வந்தன. போரில் எல்லாவற்றையும் இழந்தவர்களிடம் 'பயப்படக் காரணமில்லை' என்று யாரால் வாதாட முடியும்? அங்கே இந்த வழி பொருந்தியது எனக்கு வியப்பாக இல்லை.

சாமி கும்பிடுவது, தியானம் எல்லாம் இதோடு ஒத்துப்போகுமா?

போகும். 'சாமி, நான் பஸ் ஏறப்போறேன், கூட இரு' என்பதற்கும் 'சாமி, படபடப்பு வராம பாத்துக்கோ, வந்தா நான் ஏற மாட்டேன்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். தியானமும் அப்படியே.

எங்கே போவது? செலவு ஆகுமே?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் பார்க்கலாம். தனியாரிடம் போவதானால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை, நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 'ஆக்ட் முறையில் பயிற்சி உண்டா, என்னோடு வெளியே வந்தோ வீட்டுப்பாடமாகவோ பயமான இடங்களில் பழக வைப்பீர்களா' என்றும் கேளுங்கள். அறைக்குள் பேச்சோடு முடிந்துவிட்டால் தவிர்க்கும் பழக்கம் அசையாது.

உடனே யாரிடமாவது பேச வேண்டுமானால் இந்தியாவில் டெலி மானஸ், 14416. 2022-இல் தொடங்கப்பட்டது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். இலங்கையில் 1926.

இது யாருக்குப் போதாது?

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் மேலே உள்ள எண்ணை இப்போதே அழையுங்கள். காதில் குரல் கேட்பவர்கள், படுக்கையைவிட்டு எழவே முடியாத மனச்சோர்வில் இருப்பவர்கள், குடியால் பதற்றத்தை அடக்குகிறவர்கள் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். வன்முறையின் நினைவுகளால் வரும் பதற்றத்தை இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு தனியாகத் தோண்டாதீர்கள். பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வீட்டில் ஒருவர் இப்படி இருக்கிறார். நான் என்ன செய்யட்டும்?

என் கணவர் இரண்டு வருடம் விடுப்பு போட்டு விடுப்பு போட்டு என்னோடு வந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "பரவாயில்லையா?" என்பார். யாராவது விசேஷத்துக்குக் கூப்பிட்டால் எனக்குப் பதிலாக அவரே "அவளுக்கு முடியாதுங்க" என்று சொல்லிவிடுவார். அத்தனையும் அன்பு. அத்தனையும் என் தவிர்ப்புக்குத் தீனி. இதை அவரிடம் உளவியலாளர் சொன்ன அன்று அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். அவர் செய்தது தவறில்லை, யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

"பரவாயில்லையா?" என்பதற்குப் பதில் அவர் கற்றுக்கொண்ட வாக்கியம்: "பயமா இருக்கா? சரி. எங்க இறங்கப் போற?" அவ்வளவுதான். 'ஒன்னும் ஆகாது' என்று தைரியம் சொல்வதையும் நிறுத்தினார். ஏனென்றால் அவர் சொன்ன தைரியம் அரை மணி நேரம் தாங்கும், பிறகு இன்னொரு தடவை அது வேண்டும்.

ஆனால் இதை ஒரே நாளில் செய்யாதீர்கள். 'இனி நான் கூட வரமாட்டேன்' என்று திடீரென அறிவிப்பது உதவி ஆகாது, அவர்களுக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். இருவரும் உட்கார்ந்து, எந்த வாரம் எதை விடுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதி வைத்தது: முதல் வாரம் அவர் பக்கத்து சீட்டில் இல்லாமல் பின்சீட்டில், இரண்டாவது வாரம் அடுத்த பஸ்ஸில், மூன்றாவது வாரம் பேருந்து நிலையம் வரை மட்டும். தேதியை முடிவு செய்தது நான். அவர் ஒப்புக்கொண்டார்.